சம்பந்தியோடு ஓடிய ஓட்டம்

மகள் கல்யாணம் முடிந்து நாலாவது மாதம், சென்னையிலிருந்து என் சம்பந்தியம்மா போன் செய்தார்.

"உங்க பேரையும் கொடுத்துட்டேங்க. ஜனவரியில ரெண்டு பேரும் சேர்ந்து ஓடுறோம்!"

குரலில் அவ்வளவு பிரியம். "ரொம்ப சந்தோசம்ங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். எங்கே ஓடுவது, எவ்வளவு தூரம் ஓடுவது, எதையும் நான் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா ஆசையாக ஒன்று செய்திருக்கிறார். அதைப் போய்க் குறுக்கு விசாரணை செய்வார்களா?

தப்பு என்னுடையதுதான். கல்யாண வரவேற்பில் எங்கள் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். மண்டபம், சாப்பாடு, வெயில் என்று பேச இருந்ததெல்லாம் பத்து நிமிடத்தில் தீர்ந்து போனது. அவர் பாங்க்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் கடற்கரையில் ஓடுவேன் என்றார். சும்மா தலையாட்டிவிட்டு இருந்திருக்கலாம். "நானும் தெனமும் பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர் நடப்பேங்க, என் வேலையே நடக்குறதுதானே" என்று சொல்லி வைத்தேன்.

சொன்னது பொய்யில்லை. நான் கிராம சுகாதார நர்ஸ். கொடைக்கானல் மலையில் பேத்துப்பாறையில் குடியிருக்கிறேன். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் போகாத ஊர்களுக்கெல்லாம் முப்பது வருடமாக நடக்கிறேன். சில வருடம், ரோடே இல்லாத வெள்ளகவி என்கிற மலைக்கிராமத்துக்கும் போய்வந்தேன். இறங்கும்போது முழங்கால் நடுங்கும், ஏறும்போது நெஞ்சு அடிக்கும், ஊருக்குள் செருப்பு போடக் கூடாது என்பதால் எல்லையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அது நடை. ஓட்டம் என்று நான் கடைசியாக ஓடியது பள்ளிக்கூடத்தில், சாக்குக்குள் காலை விட்டு.

அன்று சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். "அம்மா, அத்தை சொன்னாங்க. உனக்கென்ன பைத்தியமா? அது ஃபுல் மாரத்தான். நாற்பத்திரண்டு கிலோமீட்டர்."

நான் அஞ்சு கிலோமீட்டர் என்று நினைத்திருந்தேன். கொடைக்கானலில் ஏரியைச் சுற்றி விழிப்புணர்வு ஓட்டம் நடத்துவார்களே, பெரிய மனிதர் ஒருவர் கொடியசைத்து, முடிவில் ஒரு வாழைப்பழமும் பிஸ்கட் பாக்கெட்டும் கொடுப்பார்களே, அந்த மாதிரி.

"நீயே உங்க அத்தைகிட்ட மெதுவா சொல்லிரு, அம்மாவுக்கு முடியாதுன்னு."

"அவங்க எனக்கு மாமியார்மா. கல்யாணமாகி நாலு மாசம்தான் ஆச்சு. நான் எப்படிச் சொல்றது? நீ சொல்லு."

"எனக்குச் சம்பந்திடீ. நான் மட்டும் எப்படிச் சொல்றது?"

அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் நான் மாரத்தான் ஓடப் போனது இப்படித்தான்.

என் வீட்டுக்காரர் தோட்டத்தில் பீன்ஸ் கொடிக்குக் குச்சி ஊன்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். "நாப்பத்திரண்டா? கொடைக்கானல்ல ஏறினா பண்ணைக்காடு தாண்டிருமே. அதுக்குத்தான் பஸ்ஸு விட்டுருக்கானே. உனக்கு வேற சோலி இல்லையா?" என்றார். பிறகு குச்சி ஊன்றப் போய்விட்டார். ஆனால் அடுத்த வாரம் கொடைக்கானலுக்குக் காய் இறக்கப் போனவர், எனக்கு ஓடுகிற ஷூ ஒரு ஜோடி வாங்கி வந்தார். ஊதாவும் பச்சையுமாக, கண்ணைப் பறிக்கிற நிறத்தில். "தொலைவுல வந்தாலும் தெரியும்ல" என்றார்.

சம்பந்தியம்மா வாட்ஸ்அப்பில் ஒரு அட்டவணை அனுப்பினார். இன்ன கிழமை இத்தனை கிலோமீட்டர் என்று கட்டம் கட்டமாக, கட்டத்துக்கு ஒரு நிறம். முதல் நாள் வெள்ளனே எழுந்து, சுடிதாரும் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு ரோட்டில் இறங்கினேன். நூறு மீட்டர்கூட ஓடியிருக்க மாட்டேன். ஒரு வீட்டிலிருந்து ஒரு அம்மா தலைவாரின சீப்போடு ஓடி வந்தார்.

"நர்ஸம்மா, யாருக்கு என்னாச்சு?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல, சும்மா ஓடுறேன்."

"மேலத்தெரு பிள்ளைக்கு வலி வந்துருச்சா? சொல்லுங்கம்மா!"

நான் நிற்காமல் ஓடியதால் அவர் நம்பவில்லை. கூடவே ஓடி வந்தார். வளைவுக்குள் இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒரு பெண் கையில் ஃபிளாஸ்க் வேறு. நர்ஸ் ஓடினால் ஊரில் யாருக்கோ ஆபத்து என்று அர்த்தம் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. கடைசியில் மேலத்தெரு வீட்டு வாசலில் எல்லோருமாகப் போய் நின்றோம். நிறைமாதப் பிள்ளைத்தாச்சி கதவைத் திறந்து கொட்டாவி விட்டாள். வந்ததுதான் வந்தோம் என்று அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். அன்றைய கணக்கு அறுநூறு மீட்டர்.

பஸ்காரர்கள் தொல்லை அடுத்தது. பின்னால் வருகிற ஒவ்வொரு பஸ்ஸும் என்னைப் பார்த்ததும் நின்றுவிடும். "ஓடாதீங்க சிஸ்டர், நிக்கிறோம்ல!" என்று கண்டக்டர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கத்துவார். வேண்டாம் என்று கையாட்டினால் அவருக்குக் கோபம் வரும். ஒருநாள் மழைத் தூறலில் ஜீப்காரர் ஒருவர் பக்கத்திலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு, காசு வேண்டாம் ஏறுங்க என்று அரை கிலோமீட்டர் கெஞ்சினார். அவர் மனசு நோகக் கூடாதே என்று ஏறிவிட்டேன். இன்னொரு நாள் வளைவில் காட்டுமாடுகள் நாலு, கன்றோடு. அவை மேய்ந்து முடித்து நகரும்வரை இருபது நிமிடம் பாறை ஓரமாக நின்றேன். "இன்று எட்டு கிலோமீட்டர் மட்டும். ரோட்டில் மாடு" என்று சம்பந்திக்கு மெசேஜ் போட்டேன். "இங்கேயும் அதே பிரச்சனைதான்" என்று பதில் வந்தது. அவர் தெருவில் திரிகிற பசுமாட்டை நினைத்திருக்கிறார்.

மூன்று மாதத்தில் ஓட்டம் எனக்குப் பிடித்துப் போனது. அதை யாரிடமும் சொல்லவில்லை. பனி விலகாத காலையில், யாருக்கும் ஊசி போட வேண்டாம், எந்தப் பதிவேட்டையும் நிரப்ப வேண்டாம், எனக்காக மட்டும் ஒரு மணி நேரம். என் பயமெல்லாம் சென்னை வெக்கைதான். எங்கள் ஊரில் வேர்ப்பதே அபூர்வம், வேர்த்தாலும் காற்று துடைத்துவிட்டுப் போய்விடும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பஸ் பிடித்து வத்தலக்குண்டுக்கு இறங்கி, தென்னந்தோப்பு ரோட்டில் உச்சி வெயிலில் ஓடினேன். மூன்று இளநீர் குடித்துவிட்டு மலையேறுவேன். வெயிலைப் பழகியாகிவிட்டது என்று தைரியமாக இருந்தேன். வத்தலக்குண்டு வெயில் வேறு, சென்னைப் புழுக்கம் வேறு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஓட்டத்தன்று விடியுமுன்பே மகளும் மாப்பிள்ளையும் எங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். சென்னைக்காரர்களுக்கு அது குளிர்காலமாம். அங்கே ஒரு வாட்ச்மேன் காதைச் சுற்றி மப்ளர் கட்டியிருந்தார். எனக்கு நின்ற இடத்திலேயே முதுகு நனைந்துவிட்டது. சம்பந்தியம்மா தொப்பி, கறுப்புக் கண்ணாடி, இடுப்பில் தண்ணீர் பாட்டில் செருகிய பட்டை, கையில் பெரிய கடிகாரம் என்று தயாராக நின்றார். கல்யாணத்தில் பட்டுப்புடவையில் பார்த்த அதே நேர்த்தி.

"நாலு நிமிஷம் ஓடுவோம், ஒரு நிமிஷம் நடப்போம். நீங்க எப்ப நிக்கணும்னாலும் சொல்லுங்க, கூச்சப்படாதீங்க."

"சரிங்க. நீங்களும் சொல்லுங்க."

இந்த மரியாதைதான் எங்களைக் கொன்றது. தண்ணீர் வைத்த மேசைக்கு மேசை "நீங்க முதல்ல எடுங்க", "இல்லங்க, நீங்க எடுங்க" என்று நிற்போம். பின்னால் வருகிறவர்கள் இடித்துக்கொண்டு போவார்கள். வழியில் ஒரு பாலத்தில் ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கியது. அவர் ஓடுகிறாரே என்று நானும் ஓடினேன். நான் ஓடுகிறேனே என்றுதான் அவரும் ஓடினாராம், பிற்பாடு தெரிந்தது. கடற்கரைச் சாலையில் விடிந்தது. கடல் பக்கமிருந்து காற்று வந்தது, ஆனால் அது ஈரத்துணியால் முகத்தைத் துடைத்த மாதிரி இருந்தது. வேர்வை வழிந்தது, காயவே இல்லை. ஷூவுக்குள் தண்ணீர் தளும்புகிற சத்தம் கேட்டது.

பதினாலாவது கிலோமீட்டரில் எனக்கு வேறொரு அவஸ்தை. வழிநெடுகக் குடித்த தண்ணீர் தன் வேலையைக் காட்டியது. ஓட்டக்காரர்களுக்கென்று வைத்திருந்த கழிவறை முன்னால் நீண்ட வரிசை. சம்பந்தியிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு கிலோமீட்டர் யோசித்தேன். பிறகு முடியவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க. எனக்கு ஒண்ணுக்குப் போகணும்."

அவர் அப்படியே நின்றுவிட்டார். "அப்பாடா! எனக்கு ஒன்பதாவது கிலோமீட்டர்லேருந்து."

ஒரு தெருமுனையில் பச்சைக் கேட் போட்ட வீடு. ஒரு பெண் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நான் நேராக அங்கே போனேன். சம்பந்தியம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். "தெரியாத வீட்ல எப்படிங்க கேக்கறது? என்ன நினைப்பாங்க?"

"நான் முப்பது வருசமா தெரியாத வீட்டுக் கதவைத்தாங்க தட்டுறேன். வாங்க வெரசா."

அந்தப் பெண் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "உள்ள நேரா போய் இடது கைப் பக்கம்மா" என்றார். உள்ளே ஒரு பெரியவர் பேப்பரை இறக்கி எங்களைப் பார்த்துவிட்டு, "இப்ப யாரு முதல்ல வர்றா?" என்று கேட்டார். "நாங்க இல்லங்க" என்றேன். சம்பந்தியம்மா முகம் சிவந்து கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்தபோது அந்தப் பெண் இரண்டு டம்ளர் மோரோடு நின்றார். "அக்கா தங்கச்சியா?"

"இல்லங்க, சம்பந்திங்க. என் பொண்ணைத்தான் இவங்க வீட்டுல கொடுத்துருக்கு."

"சம்பந்தியோடயா ஓடறீங்க!" அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "எங்க சம்பந்தியைப் பார்த்தா நானும்தான் ஓடுவேன். எதிர்ப்பக்கமா."

சம்பந்தியம்மாவுக்கு மோர் புரையேறியது. நான் முதுகைத் தட்டினேன். அவர் சிரித்தார். கல்யாணத்தில் போட்டோக்காரருக்காகச் சிரித்தாரே, அந்தச் சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கேட்டில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வர, குலுங்கிக் குலுங்கி. எனக்கும் தொற்றிக்கொண்டது. பெரியவர் பேப்பரோடு வாசலுக்கே வந்துவிட்டார்.

அதன்பிறகு ஏழெட்டு கிலோமீட்டர் பேசிக்கொண்டே ஓடினோம். என் ஷூவின் நிறத்தைப் பார்த்ததிலிருந்தே சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்ததாக அவர் சொன்னார். அவர் அட்டவணை ரேஷன் கடை ஸ்டாக் போர்டு மாதிரி இருந்தது என்று நான் சொன்னேன்.

வெயில் ஏறியது. தெற்கே போகிற கடலோரச் சாலையில் நிழலே இல்லை. இருபத்தைந்தைத் தாண்டும்போது பேச்சு நின்றது. இருபத்தெட்டில் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன். சம்பந்தியம்மா என் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பாதி அவர் ஷூவிலேயே விழுந்தது. "ஐயோ" என்று நான் குனிந்து துடைக்கப் போனேன். "விடுங்க, இதுக்கு மேல என்ன அழுக்காகப் போகுது" என்று தடுத்துவிட்டார்.

முப்பத்தொன்றாவது கிலோமீட்டர் பலகைக்குப் பக்கத்தில், எனக்குக் குளிர ஆரம்பித்தது. கையைப் பார்த்தேன். மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன. அத்தனை நேரம் ஊற்றிய வேர்வை நின்று தோல் காய்ந்து கிடந்தது. ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது, நம்ம ஊர்க் குளிர் வந்துவிட்டதே என்று. உடனே எனக்குள்ளிருந்த நர்ஸ் முழித்துக்கொண்டாள். வெயில் தாக்கினால் வரும் இதே அறிகுறிகளைக் கரும்பலகையில் எழுதி எத்தனை கூட்டத்தில் வாசித்திருக்கிறேன்.

"நான் உக்காரணும்ங்க" என்றேன்.

மூடிக்கிடந்த கடையின் படியில் உட்கார வைத்தார். ஓடிப்போய் ஐஸ் வாங்கி வந்து கழுத்திலும் அக்குளிலும் வைத்தார். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைச் சிறுகச் சிறுகக் குடிக்க வைத்தார். ஊருக்கெல்லாம் அந்த உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைக் கொடுத்த கை என் கை. அன்று டம்ளரைப் பிடிக்கவே இன்னொருத்தர் வேண்டியிருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்து என் நாடியை நானே எண்ணினேன். அது அடித்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து மறுபடி எண்ணினேன். இறங்கியிருந்தது, ஆனால் ஓடுகிற அளவுக்கு இல்லை. முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு போக ஒரு வேன் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. அதற்குக் கை காட்டச் சொன்னேன்.

சம்பந்தியம்மாவும் என்னோடு ஏறப் போனார்.

"நீங்க எதுக்கு ஏறுறீங்க? உங்களுக்கு ஒண்ணுமில்லையே."

அவர் படியில் ஒரு கால், ரோட்டில் ஒரு கால் என்று நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "போன வருஷமும் அதுக்கு முந்தின வருஷமும் முப்பதுலயே இதே மாதிரி வேன்ல ஏறிட்டேங்க. உடம்புக்கு ஒண்ணும் இல்ல. தனியா ஓட பயம், அவ்வளவுதான். வீட்ல, மழையில ஓட்டத்தைப் பாதியில நிறுத்திட்டாங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். கூட ஒரு ஆள் இருந்தா முடிச்சிடுவேன்னுதான் கேக்காமலே உங்க பேரைக் கொடுத்தேன்."

ஐஸ் உருகி என் முதுகில் ஓடியது. "நான் அஞ்சு கிலோமீட்டர்னு நெனைச்சுத்தாங்க சரின்னு சொன்னேன்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "அஞ்சா?"

"அஞ்சுதான். முடிவுல வாழைப்பழம் தருவாங்கன்னு."

வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். "யாராவது ஒருத்தர் முடிவு பண்ணுங்கம்மா."

"இவங்க ஏறலைங்க" என்று நானே சொன்னேன். "பதினோரு கிலோமீட்டர்தான் கெடக்கு. நடந்தாலும் நேரத்துக்குள்ள போயிரலாம். போங்க."

"உங்களை இப்படி விட்டுட்டுப் போனா உங்க பொண்ணு என்னைப் பத்தி என்ன நினைப்பா?"

"அவகிட்ட நான் பேசிக்கிறேன். நர்ஸ் சொல்றேன், உங்க உடம்பு நல்லாருக்கு. போங்கம்மா, நேரமாகுது!"

சம்பந்தியிடம் அப்படி அதட்டிப் பேசுவேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. தடுப்பூசிக்கு அழுகிற பிள்ளையின் தாயிடம் பேசுகிற குரல் அது. அவர் இறங்கினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்தார், பிறகு ஓடினார். வேன் அவரைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகக் கையாட்டினேன். அவர் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்.

வேனுக்குள் என்னைப் போலவே ஆறேழு பேர். ஒருவருக்குக் காலில் கொப்புளம், ஒருவருக்குக் கெண்டைக்கால் பிடிப்பு. யாரோ ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்கள். அழுகை வருமென்று எதிர்பார்த்தேன், வரவில்லை. ஆனால் முடிகிற இடத்தில் எல்லோரும் கழுத்தில் மெடலோடு நின்று போட்டோ எடுத்ததைப் பார்த்தபோது கொஞ்சம் வலித்தது. மூன்று மாதக் காலைகள் கண்முன்னால் வந்தன. மருத்துவக் கூடாரத்தில் படுக்க வைத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள். மகள் ஒரு பக்கம் அழுதுகொண்டே திட்டினாள், மாப்பிள்ளை ஒரு பக்கம் குடை பிடித்தார்.

நேரம் முடிய ஏழு நிமிடம் இருந்தது. தொலைவில் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, கறுப்புக் கண்ணாடி நெற்றிக்கு ஏறி, அந்த நேர்த்தியில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் சம்பந்தியம்மா வந்தார். "அம்மா வராங்க!" என்று மாப்பிள்ளை குடையைப் போட்டுவிட்டு ஓடினார். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி நின்று விசிலடித்தேன். மலையில் எதிர்ப்பக்கத் தோட்டத்துக்காரரைக் கூப்பிட அடிக்கிற விசில் அது. என் மகள் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகமிருக்கிறது.

அன்று மதியம் சம்பந்தி வீட்டில் ரசஞ்சாதம் சாப்பிட்டுவிட்டு, ஹாலில் பாயைப் போட்டு, இரண்டு பேரும் காலைத் தூக்கிச் சோபாவின் மேல் வைத்துப் படுத்துக்கொண்டோம். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார். "உங்க பொண்ணு என்கிட்ட இன்னும் சகஜமா பேசறதில்ல. எது செஞ்சாலும் நல்லாருக்கு அத்தைங்கறா. நான் ஏதாவது தப்பா நடந்துக்கிட்டேனா?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்லங்க. அவளுக்குத் துவரம்பருப்பு ஆகாதுங்க. தெனமும் சாம்பார் வைக்கிறீங்க, எப்படி வேணாம்னு சொல்றதுன்னு ராத்திரி ராத்திரி எனக்கு போன்ல பொலம்புறா."

"அடிப்பாவி! ஆசையா சாப்பிடறான்னுல்ல நான் நினைச்சேன்."

"பாசிப்பருப்புன்னா ரெண்டு தட்டு சாப்பிடுவா. அப்புறம், கோவம் வந்தா பேச மாட்டா, பாத்திரத்தைச் சத்தமா கழுவுவா. கண்டுக்காதீங்க, அரை மணி நேரத்துல சரியாயிரும்."

"என் பையனோட அப்பா அதேதான். பாத்திரத்துக்குப் பதிலா பீரோ கதவு."

அடுப்படியிலிருந்து மகள் காபி டம்ளர்களோடு வந்து நின்றாள். எங்கள் இரண்டு பேரையும் சந்தேகமாகப் பார்த்தாள். "ரெண்டு பேரும் என்ன பேசறீங்க?"

"கால் வலியைப் பத்தி" என்றார் சம்பந்தியம்மா, கண்ணைத் திறக்காமலே.

டம்ளரை வைத்துவிட்டு அவள் உள்ளே போகும்வரை காத்திருந்தோம். பிறகு அவர் என் பக்கம் ஒருக்களித்துப் படுத்து, "அப்புறம், சொல்லுங்க" என்றார்.